‘காப் ஹேட்டர்’: 1956-ன் போலீஸ் நாவல், வடசென்னையில் ஒரு மறுவாசிப்பு

ஜூலை மாத வெக்கை. ராத்திரி ஆகியும் புழுக்கம் இறங்கவில்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. நைட் டூட்டிக்குக் கிளம்பிய துப்பறியும் போலீஸ்காரர் ஒருவர் நடந்து போகும்போதே பின்மண்டையில் சுடப்பட்டு விழுகிறார். எட் மெக்பெயினின் ‘காப் ஹேட்டர்’ இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 1956-ல் பெர்மாபுக்ஸ் மலிவு விலைப் பாக்கெட் பதிப்பாக நேரடியாக வெளியிட்ட நாவல் இது. ‘87-வது பிரீசிங்க்ட்’ வரிசையில் முதலாவது. அந்த வரிசை 2005-ல் ஆசிரியர் இறக்கும்வரை ஓடி ஐம்பதைத் தாண்டியது.

இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கலாமா? வாங்கலாம். இரண்டு ராத்திரியில் முடிந்துவிடும், இங்கிலீஷும் கடினமில்லை. பாதிக்கு மேல் பேச்சு, வாக்கியங்கள் குட்டை குட்டையானவை. ஆனால் பரிசோதனைக்கூடத்து ஆள் பேசும் இடம், பிடிபட்டவர்களை மேடையேற்றும் இடம், அந்தப் பேட்டையை வர்ணிக்கும் இடம் ஆகிய மூன்றிலும் வேகத்தைக் குறைத்துப் படிக்க வேண்டும். புத்தகம் எங்கே பழசாகிவிட்டது, எங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது அந்த மூன்று இடங்களில்தான் தெரியும். கொலையாளியின் பெயர் இந்த மதிப்புரையில் வராது. விசாரணை எந்தத் திசையில் போகிறது என்பது வரும். அதுவும் தெரியவேண்டாம் என்பவர்கள் நாவலை முடித்துவிட்டு வரலாம்.

முதலில் பதவிகளைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ‘பிரீசிங்க்ட்’ என்றால் ஸ்டேஷன், கூடவே அதன் எல்லைக்குட்பட்ட பகுதி. நம் பக்கம் ராயபுரத்தை என்-1, வண்ணாரப்பேட்டையை எச்-1, புளியந்தோப்பை பி-1, செம்பியத்தைக் கே-1 என்று சொல்கிற மாதிரி அங்கே வெறும் எண். ‘பேட்ரோல்மேன்’ என்பவர் சீருடைக் கான்ஸ்டபிள். ‘டிடெக்டிவ்’ சாதாரண உடையில் வருபவர். மூன்றாம் நிலை, இரண்டாம் நிலை, முதல் நிலை என்று மேலே போவார். ‘லெப்டினன்ட்’ பர்ன்ஸ் என்று வருபவரை நம் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் இடத்தில் வைத்துப் படித்தால் சரியாக இருக்கும். கொலை நடந்ததும் தலைமையகத்துக் கொலைப்பிரிவு ஆட்களும் வருவார்கள், ஆனால் வழக்கை உழைத்து முடிப்பது அந்த ஸ்டேஷன்தான். கதை நடக்கும் பகுதியின் பெயர் ஐசோலா. இத்தாலிய மொழியில் தீவு என்று அர்த்தம். நியூயார்க்கைத் திருப்பி வைத்து உருவாக்கிய, பெயர் சொல்லாத கற்பனை நகரத்தில் இது மன்ஹாட்டனின் இடம்.

வரிசைக்கே முதுகெலும்பு, இதில் தனி நாயகன் கிடையாது என்பது. ஸ்டீவ் காரெல்லா முன்னால் நிற்கிறார்தான். ஆனால் கதை முழு ஸ்குவாடை, அதாவது அந்த ஸ்டேஷனின் டிடெக்டிவ் குழுவைச் சுற்றியது, யாரும் சாகலாம். அந்த ஸ்டேஷனுக்கு 16 டிடெக்டிவ்கள். 116 பேர் இருந்தாலும் போதாது என்று நாவலே சொல்கிறது. தனி ஆளாகச் சுருட்டு பிடித்துக்கொண்டு கொலையாளியைக் கண்டுபிடிக்கும் மேதைகளுக்குப் பழகிய வாசகருக்கு இது அன்று புதுசு. 1945-லேயே லாரன்ஸ் ட்ரீட், 1952-ல் ஹிலரி வா ஆகியோர் போலீஸ் நடைமுறையை வைத்து நாவல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு ஸ்டேஷனையே குடும்பமாக்கி ஐம்பது வருஷம் ஓட்டிக் காட்டியது மெக்பெயின். ஸ்வீடனின் ஷோவால், வாலூ ஜோடி இவரை மொழிபெயர்த்தவர்கள், தங்கள் சொந்த போலீஸ் நாவல் வரிசையையும் எழுதினார்கள். இன்றைய போலீஸ் தொடர் எதை எடுத்தாலும் இந்த ஸ்குவாட் அறையின் சாயல் இருக்கும்.

முதல் சடலம் கிடக்கும் இடத்தைக் கவனமாகப் படியுங்கள். கொலைப்பிரிவு ஆட்கள் வந்து நின்று வழக்கம்போல் கேலி பேசுகிறார்கள். அவர்களுக்கு இது இன்னொரு பிணம், ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்த பிணம். உடலைப் பார்த்த காரெல்லாவுக்கு இது தன் ஸ்டேஷன் ஆள், தன்னோடு தினமும் உட்கார்ந்தவன் என்று தெரிகிறது. அந்த நொடியில் பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. பொதுமக்களின் சாவுக்கு ஒரு குரல், சக போலீஸ்காரரின் சாவுக்கு இன்னொரு குரல். எந்த விளக்கமும் சேர்க்காமல் ஆசிரியர் இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு நகர்கிறார். நாவலின் மிக நேர்மையான இரண்டு பக்கங்கள் இவை.

அடுத்தது படிவங்கள். துப்பாக்கி லைசென்ஸ் விண்ணப்பம், குற்றப் பதிவுத்தாள் போன்றவற்றை ஆசிரியர் கதைக்கு நடுவே அப்படியே அச்சிட்டுக் காட்டுகிறார். பலர் இந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போவார்கள். தள்ளக்கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் ஒன்றைக் கையில் வைத்துப் படித்தவர்களுக்குத் தெரியும்: சம்பவ நேரம், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரம், தாமதத்துக்குக் காரணம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். வழக்கு நிற்பதும் விழுவதும் பல சமயம் அந்தக் கட்டங்களில்தான். மெக்பெயின் அதைப் புரிந்துகொண்டவர். படிவத்தில் உள்ள முகவரி, வயது, முந்தைய வழக்கு ஆகியவற்றை முன்னும் பின்னும் பேச்சில் வருவதோடு ஒப்பிட்டால், ஸ்குவாட் எதைக் கவனித்தது, எதைக் கோட்டைவிட்டது என்று நாமே பார்த்துவிடலாம். ரைட்டர் மேஜையில் கார்பன் பேப்பர் வைத்து எழுதுகிற வேலையை நாவலுக்குள் கொண்டுவந்த துணிச்சல் இன்றைக்கும் புதுசாக இருக்கிறது.

துப்பாக்கி விஷயத்தில் நாவல் பெரும்பாலும் சரி. கொலைக் கருவி .45 ஆட்டோமேட்டிக். ஆட்டோமேட்டிக் ஒவ்வொரு முறை சுட்டதும் காலித் தோட்டாவை வெளியே எறியும், ரிவால்வர் உள்ளேயே வைத்துக்கொள்ளும். அதனால்தான் சம்பவ இடத்தில் வெற்றுக் குப்பிகள் கிடைக்கின்றன. குப்பியின் அடியில் சுடும் ஊசி குத்திய தடம், வெளியே எறியும் கொக்கி உரசிய தடம் இரண்டும் இருக்கும். குண்டின் உடம்பில் குழாயின் வரிப்பள்ளங்கள் பதியும். கோல்ட் .45 என்றால் ஆறு வரிகள், இடப்பக்கச் சுழற்சி. இவ்வளவும் பக்கா. ஆனால் இது துப்பாக்கியின் வகையைத்தான் சொல்லும். அமெரிக்க ராணுவம் 1911-லிருந்து இந்த வகையைக் கொடுத்துவந்தது. இரண்டு உலகப் போர் முடிந்த பிறகு இப்படி எத்தனை துப்பாக்கிகள் வீடுகளில் இருந்திருக்கும்! வகை தெரிந்தும் ஆள் கிடைக்காத தவிப்பு நாவலில் நன்றாக வந்திருக்கிறது.

சறுக்குவது முடியில்.

மூன்றாவது கொலையில் கொலையாளியின் முடி போலீஸ் கையில் சிக்குகிறது. பரிசோதனைக்கூடத்து சாம் கிராஸ்மன் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு ஒரு ஆளையே வரைந்து கொடுக்கிறார்: ஆண், வெள்ளையர், ஐம்பதைத் தாண்டாதவர், மெக்கானிக், இரண்டு நாளுக்குள் முடி வெட்டிக்கொண்டவர் என்று வரிசையாக. 1956 வாசகர் வாயைப் பிளந்திருப்பார். இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

வெட்டிய முனை முதலில் சதுரமாக இருந்து, நாளாக நாளாகத் தேய்ந்து உருண்டையாகும் என்பது உண்மை. ஆனால் தலைக்குக் குளிப்பது, சீவுவது, முடியின் தன்மை எல்லாம் அதில் விளையாடும். இரண்டு நாள் என்று கணக்காகச் சொல்ல முடியாது. முடியில் ஒட்டிய உலோகத் தூளை வைத்து மெக்கானிக் என்பது ஊகம். லேத் பட்டறைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர் தலையிலும் அந்தத் தூள் இருக்கும். தண்டையார்பேட்டைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். வயதை முடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இனத்தைச் சொல்வது பார்ப்பவரின் அபிப்பிராயம். ஆணா பெண்ணா என்பதற்கு முடியின் வேர் வேண்டும். அந்த வேர் இருந்தால் இன்று முழு டி.என்.ஏ. வடிவமே எடுக்கலாம். வேர் இல்லாத வெறும் தண்டு என்றால் கிடைப்பது பெரும்பாலும் தாய்வழி டி.என்.ஏ. மட்டும்; அது அண்ணன் தம்பி, அம்மா, சித்தி எல்லோருக்கும் ஒன்றுதான். டி.என்.ஏ. வைத்து ஆளை அடையாளம் காணும் முறையை அலெக் ஜெஃப்ரீஸ் கண்டதே 1984-ல்.

இதைக் கதைதானே என்று விட்டுவிட முடியாது. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. நிபுணர்கள் பல வருஷம் கோர்ட்டில் ஏறி, கிட்டத்தட்ட கிராஸ்மன் பாணியிலேயே, முடியை வைத்து உறுதியாகச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பழைய வழக்குகளை மறுபடி ஆராய்ந்தபோது, பார்த்தவரைக்குமான விசாரணைப் பதிவுகளில் குறைந்தது 90 சதவீதத்தில் நிபுணர் சொன்னதில் பிழை இருந்தது என்று 2015-ல் எஃப்.பி.ஐ.யே ஒப்புக்கொண்டது. மரண தண்டனை வழக்குகளும் அதில் உண்டு. அதனால் அந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது ரசிக்க வேண்டியது கிராஸ்மனின் வேகத்தை அல்ல. அவர் பேச்சை ஸ்குவாடில் ஒருவர்கூட, ‘எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்காததைக் கவனியுங்கள். கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது.

இரண்டாவது நிறுத்தம், மேடை. முந்தின நாள் பெரிய குற்றங்களில் பிடிபட்டவர்களை வாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரை தலைமையகத்தில் வெளிச்சம் போட்ட மேடையில் நிறுத்துவார்கள். ஊரிலுள்ள ஸ்டேஷன்களிலிருந்து வந்த டிடெக்டிவ்கள் இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்து முகங்களை மனப்பாடம் செய்வார்கள். மைக்கில் கேள்வி வரும். பதில் சொல்பவரோடு வக்கீல் கிடையாது. நம் ஊரில் அடையாள அணிவகுப்பு என்பது வேறு. அதை நடத்துவது மாஜிஸ்திரேட், நடப்பது பெரும்பாலும் ஜெயிலில், போலீஸ் அப்போது பக்கத்தில் இருக்கக்கூடாது, சந்தேக ஆளைப்போல் தோற்றமுள்ளவர்களைக் கலந்து நிறுத்த வேண்டும். நாவலில் சாட்சியே இல்லை. போலீஸுக்காகப் போலீஸ் நடத்தும் காட்சி.

எழுதப்பட்ட வருஷத்தை மறக்காமல் படித்தால் கோபத்தின் இடம் சரியாகப் பிடிபடும். சட்டவிரோதச் சோதனையில் எடுத்த பொருளை மாநிலக் கோர்ட்டுகள் ஏற்கக்கூடாது என்ற தீர்ப்பு அமெரிக்காவில் வந்தது 1961-ல். ஏழைக்கும் வக்கீல் உண்டு என்றது 1963-ல். வாய் திறக்காமல் இருக்க உரிமை உண்டு என்று காவலில் வைத்து விசாரிக்கும் முன்பே சொல்ல வேண்டும் என்ற மிராண்டா தீர்ப்பு 1966-ல். காரெல்லாவும் அவர் கூட்டாளிகளும் இவை எதுவும் இல்லாத உலகத்தில் கேள்வி கேட்கிறார்கள். மிரட்டல், தட்டல் எல்லாம் சாதாரணப் பேச்சுக்கு நடுவே வந்துபோகின்றன. நல்ல போலீஸ்காரர் என்று நாவல் காட்டுபவரும் அதைக் கண்டும் காணாமல் இருக்கிறார்.

நமக்கு இதில் ஒப்பிட நிறைய உண்டு. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்பது இங்கே வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் அது 23-வது பிரிவு. சொன்னதை வைத்துப் பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். கைது மெமோ, அதில் சாட்சிக் கையெழுத்து, வீட்டாருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று டி.கே.பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது 1996-ல். இவ்வளவு தெரிந்தவர் நாவலின் விசாரணைக் காட்சிகளைப் படித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் குறிப்பு எழுதலாம். சட்டம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் புத்தகத்தை இப்படிப் படிக்கக் கொடுங்கள். நல்ல பயிற்சி.

மூன்றாவது நிறுத்தம், பேட்டை. வடசென்னை வாசகருக்கு இதுதான் கனமான இடம்.

87-வது ஸ்டேஷன் எல்லையில் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து குடியேறியவர்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள். நாவல் அவர்களை எங்கே பார்க்கிறது? பாலியல் தொழில் நடக்கும் ஒரு தெருவில், அங்கே வீடு நடத்தும் பெண்ணிடம் தேடிப்போன ஒருவனைப் பற்றி விசாரிக்கும்போது. ‘குரோவர்ஸ்’ என்ற பையன்கள் கும்பலில், கையால் செய்த துப்பாக்கியோடு. சம்பளம் வாங்கி, வாடகை கொடுத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, வெக்கையில் மொட்டைமாடியில் படுத்துத் தூங்குகிற மனுஷர் ஒருவராவது நினைவில் நிற்கிற மாதிரி வருவதில்லை. ஸ்டேஷன் ஜன்னல் வழியாகத் தெரிகிற ஊர் அது. காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்ற பெயர் வந்ததும் திரையில் அரிவாள் வருவதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்தப் பார்வை பழக்கமானது. பாக்சிங்கும் கேரமும் கால்பந்தும் விடியற்காலை மீன் ஏலமும் உள்ள ஊரை ஹிஸ்டரி ஷீட்டாக மட்டும் பார்க்கிற கண் அது.

ஆனால் நாவலுக்குள் ஒரு முரண் ஓடுகிறது. ஆசிரியரே அதை முழுக்கக் கவனித்தாரா என்று தோன்றும் அளவுக்கு ஆழமானது. போலீஸ்காரர்கள் சாகிறார்கள் என்றதும் ஸ்குவாட் எடுத்துக்கொள்ளும் ஊகம் ஒன்றுதான்: போலீஸை வெறுக்கிறவன். உடனே செத்தவர்கள் முன்பு யார் யாரைப் பிடித்தார்கள் என்று ஃபைலைப் புரட்டுகிறார்கள். பழைய கைதியைத் தேடி அந்தத் தெருவுக்குப் போகிறார்கள். சாவேஜ் என்ற பத்திரிகைக்காரர் ‘பையன்கள் கும்பல்தான்’ என்று தன் பங்குக்குக் கிளப்பிவிடுகிறார். அதன் விளைவாக பெர்ட் கிளிங் என்ற இளம் கான்ஸ்டபிள் சுடப்படுகிறார். இரண்டு விரலும் பேட்டையை நோக்கியே நீள்கின்றன. கடைசியில் கொலையின் வேர் அந்தப் பேட்டையில் இல்லவே இல்லை. இத்தனை பக்கம் அலசிய ஃபைல், உடைத்த கதவு, மிரட்டிய ஆட்கள் எல்லாம் வீண். கதைமுடிச்சு அந்த மக்களை விடுவித்துவிடுகிறது, வர்ணனை விடுவிக்கவில்லை. இன்றைக்கு இந்த நாவலைத் தூக்கி நிறுத்துவது இந்த முரண்தான். முன்முடிவோடு கிளம்பினால் பதினாறு உழைப்பாளிகளும் சேர்ந்து தப்பான தெருவில் தேடுவார்கள் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய போலீஸ் நாவல்கள் குறைவு.

செத்தவர்களில் ஒருவரான டேவிட் ஃபாஸ்டர் கறுப்பினத்தவர். 1956-ல் அவரைச் சக டிடெக்டிவாக, யாரும் விசேஷமாகப் பேசாத சாதாரண ஆளாக வைத்தது நல்ல காரியம். அவரைக் குறிக்கும் சொல் இன்று யாரும் சொல்லக்கூடாத பழைய சொல்.

பெண்கள் விஷயத்தில் நாவல் ரொம்பப் பழசு. எந்தப் பெண் வந்தாலும் முதலில் உடம்பு வர்ணனை, பிறகுதான் பேச்சு. ஸ்குவாட் அறையில் பெண் அதிகாரி ஒருவரும் இல்லை. தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-லேயே வந்துவிட்டது என்பதால் இங்குள்ள இளம் வாசகருக்கு இது இன்னும் விசித்திரமாகத் தெரியும். காரெல்லாவின் காதலி டெடி காது கேளாத, வாய் பேசாத பெண். ஆசிரியர் அவளைப் பிரியமாகத்தான் எழுதுகிறார். ஆனால் கடைசி ஆபத்துக் காட்சி முழுக்க அவளுக்குக் கேட்காது என்பதையே பற்றிக்கொண்டு நிற்கிறது. அவளுடைய தனித்தன்மை கதைக்கு ஒரு கருவியாகிவிட்டது. வரிசையின் பின்னாள் நாவல்களில் அவள் நன்றாக வளர்கிறாள்.

எந்தப் பதிப்பு? புதிதாக வேண்டுமென்றால் தாமஸ் அண்ட் மெர்சர் பதிப்பு அச்சிலும் மின்நூலாகவும் வந்திருக்கிறது. போனில் படிப்பவர்கள் படிவப் பக்கம் வரும்போது போனைக் குறுக்கே திருப்பிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வரிகள் உடைந்து கட்டங்கள் புரியாது. பழைய பாக்கெட் பதிப்பு கிடைத்தால் தனி சுகம். சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் மூர் மார்க்கெட் கடைகளில் இந்த மாதிரி ஆங்கிலப் பாக்கெட் நாவல்களைக் குவியலில் துழாவலாம்.

வாங்கும்முன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். போலீஸ் நாவலில் கடைசி எட்டுப் பக்கம் போயிருந்தால் புத்தகமே போனது. பிறகு நடுவில் மெதுவாகத் திறந்து பாருங்கள். இவை தையல் இல்லாமல் வெறும் பசையில் ஒட்டியவை. அறுபது வருஷத்தில் பசை காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். முழுக்க விரித்தால் ‘டக்’ என்று முதுகு பிளந்து தாள் தாளாக வந்துவிடும். பாதியளவு திறந்தே படிக்க வேண்டும். தாள் பழுப்பாக இருப்பது பரவாயில்லை, மலிவுத் தாளில் உள்ள அமிலம் செய்யும் வேலை அது. ஓரத்தை லேசாக மடக்கும்போது ஒடிந்தால் வேண்டாம். ஊசி துளைத்த மாதிரி ஓட்டை இருந்தால் ராமபாணப் பூச்சி உள்ளே இருக்கலாம். வீட்டில் மற்ற புத்தகங்களோடு உடனே சேர்க்காதீர்கள். ராயபுரம், காசிமேடு மாதிரி கடலோர வீடுகளில் மழைக்காலத்து ஈரம் இந்தத் தாளைச் சீக்கிரம் பூசணம் பிடிக்க வைக்கும். சுவரோடு ஒட்டிய அலமாரி வேண்டாம், வெயிலில் காயவைப்பதும் வேண்டாம். காய்ந்த வேப்பிலையும் காற்றோட்டமும் போதும்.

பிடித்துப்போனால் அடுத்து ‘தி மக்கர்’, அதற்கடுத்து ‘தி புஷர்’. இரண்டும் அதே 1956-ல் வந்தவை. ‘தி மக்கர்’ நாவலில் காரெல்லா தேனிலவுக்குப் போய்விடுவார். இங்கே தப்பான கோபத்துக்குக் குண்டு வாங்கிய கிளிங்தான் அங்கே முன்னால் வருகிறார். பிறகு நேராக 1959-ன் ‘கிங்ஸ் ரேன்சம்’ போகலாம். அகிரா குரோசவா 1963-ல் ‘ஹை அண்ட் லோ’ படமாக எடுத்தது அந்த நாவலைத்தான். அதில் கதை ஸ்டேஷனை விட்டு வெளியே வருகிறது. பணக்காரர் வீட்டு ஜன்னலிலிருந்தும் ஊர் தெரிகிறது.